மூன்று சத்தம் கேட்டபிறகு அடி

என் மகனுக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. பிறப்பாயா என்பதும் எனக்குத் தெரியாது. எனக்குப் பதினேழு வயது, பிளஸ் டூ படிக்கிறேன். இந்த வயதில் மகனுக்குக் கடிதம் எழுதுகிறவளைப் பைத்தியம் என்பார்கள், சொல்லட்டும். பெரியவர்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வதைப் பதினேழு வருடமாகக் கேட்டுவிட்டேன். தங்களுக்கு எதைக் கண்டு பயமோ அதையே புத்தி என்று நம்மிடம் கொடுக்கிறார்கள். நாளைக்கு நானும் வளர்ந்து, தலை நிறையப் பூவும் இடுப்பில் சாவியுமாக உன்னை எதிரில் உட்காரவைத்து, "அனுசரிச்சுப் போப்பா" என்று சொல்லக்கூடும். அந்தப் பொம்பளையை நம்பாதே. அவள் பொய் சொல்வாள். அவளாக நான் மாறுவதற்கு முன்பே இதை எழுதிவைக்கிறேன். நீ ஆளானபிறகு படி. இடையில் வேறு யார் கையில் கிடைத்தாலும் அவர்களும் படித்துக்கொள்ளட்டும், அவர்களைப் பற்றியும்தான் எழுதியிருக்கிறேன்.

பாட்டனி ரெக்கார்டின் கடைசிப் பக்கங்களில், போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கை எட்டும் தூரத்தில் அம்மா தூங்குகிறாள். அவள் புரளும்போதெல்லாம் டார்ச்சை அணைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொள்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் பயம். அப்பாவுக்கு ஃபாக்டரியில் இரவு ஷிப்ட், காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதியதும் வருவார். என் பையில் ஒரு தாள் இருக்கிறது. சம்மதபத்திரம். சனிக்கிழமை அடிமாலியில் ஜில்லா பாக்சிங் செலக்சன். பெற்றவர் கையெழுத்தோடு அந்தத் தாளை விடிந்ததும் பள்ளியில் பி.டி. டீச்சரிடம் கொடுக்க வேண்டும். பத்து நாளாக அப்பா கையெழுத்துப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அத்தை எனக்குப் பூ வைக்க வருகிறாள். அவள் மகன் வினோத்துக்கு நான் என்று பேச்சு. பதினெட்டு முடிந்ததும் கல்யாணம். தன் மகனின் பாக்சிங்கே போதும், மருமகளுக்கு எதற்கு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். இந்தத் தாள் வெள்ளையாகப் போனால் ஞாயிற்றுக்கிழமை பூ வந்து என் தலையில் உட்கார்ந்துவிடும். நடப்பது இவ்வளவுதான்.

எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்தில் வரிசையாக ஆறு வீடு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. ஒரு வீட்டில் தும்மினால் ஆறாவது வீட்டில் "நூறு" என்பார்கள். அத்தை மூன்றாம் வீடு, நாங்கள் கடைசி வீடு. எங்களுக்கு அந்தப் பக்கம் பழைய க்ரீச். கொழுந்து எடுக்கப் போகும் அம்மாக்கள் முன்பு குழந்தைகளை விட்டுவிட்டுப் போன இடம். இப்போது குழந்தைகள் இல்லை, பன்னிரண்டு தடியர்கள் இருக்கிறார்கள். வினோத் அதை பாக்சிங் கிளப் என்று போர்டு எழுதி மாட்டியிருக்கிறான். அவன் சூரியநெல்லியிலிருந்து வெளியூர்க்காரர்களை ஜீப்பில் ஏற்றிக் குலுக்கி, மலை உச்சியில் சூரியன் வருவதைக் காட்டுகிறவன். ஒரு வேலையும் செய்யாமல் தினமும் சூரியன் வந்துவிடுவதால் அந்தப் பெருமையும் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

போன வருடம் அவன் ஆன்லைனில் ஒரு ஸ்பீட் பேக் வாங்கினான். காம்போடு தொங்கும் பப்பாளி மாதிரி, காற்றடைத்த சிறிய தோல் பை. அசையாத ஒரு பலகையின் அடியில், தானாகச் சுழலும் கொக்கியில் மாட்ட வேண்டியது. நம்மவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? க்ரீச்சின் உத்திரத்தில் அந்தக் காலத்துத் தொட்டில் கொக்கி இருந்தது. அதில் ஜீப்பை இழுக்கும் கயிற்றைக் கட்டிப் பையைத் தொங்கவிட்டார்கள். "எட்டிப் போங்கடா, கை பட்டா மண்டை போயிரும்" என்று சொல்லிவிட்டு வினோத் ஓங்கி ஒரு குத்து விட்டான். பை தொட்டில் மாதிரியே அறையைச் சுற்றி ஆடிவிட்டுத் திரும்பி வந்து அவன் மூக்கில் இறங்கியது. "கயிறு சரியில்லடா" என்றான். அடுத்த வாரம் தேயிலைப் பெட்டியின் பிளைவுட்டைக் கழற்றி மேலே அடித்து அதில் மாட்டினார்கள். அதுவும் படியவில்லை. "காத்து சரியில்லடா" என்றான். கயிறு, காற்று, கரண்ட், பனி என்று எல்லாமே சரியில்லாமல் போகிற உலகத்தில் அவன் ஒருவன்தான் சரியாக இருந்தான். நாலு அடி அடித்து, அதை ஃபோனில் பிடித்து, பாட்டுச் சேர்த்துப் போடுவான். பாட்டு எதற்கென்றால், பையின் சத்தம் வெளியே கேட்டால் மானம் போய்விடும்.

மகனே, எந்தக் கருவியைத் தொட்டாலும் முதலில் அது எதற்கு என்று கேள். ஸ்பீட் பேக் பலத்தைக் காட்டுவதற்கு இல்லை. அதை அடித்து எவனும் பலசாலி ஆனதில்லை. களைத்துப்போன பிறகும் கை தோளுக்குக் கீழே இறங்காமல் இருக்கவும், கண்ணும் கையும் ஒரே நேரத்தில் சேரவும் பழக்குவதற்குத்தான் அது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பள்ளியில் நாங்கள் கையுறை போட்டு மோதுகிறோம், அங்கே இந்தப் பை கிடையாது. கிளப்பைக் கூட்டுவது என் வேலை. பன்னிரண்டு உறுப்பினர்களில் துடைப்பம் பிடிக்கத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை. வினோத் விடிகாலை நாலு மணிக்கே ட்ரிப்புக்குப் போய்விடுவான். ஐந்தரை மணிக்கு, பாதையில் ஆனை நிற்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, துடைப்பத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

முதல் நாள் நானும் அவனைப் போலவே மடத்தனமாக அடித்தேன். நேராகக் குத்தினேன், பலமாகக் குத்தினேன், வந்த வேகத்திலேயே மறுபடி குத்தினேன். பை என்னைப் பைத்தியக்காரி மாதிரி ஆட்டிவைத்தது. இரண்டு வாரம் கழித்துத்தான் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்கினேன். ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டால், பை பின்னால் போய்ப் பலகையில் மோதும், ஒன்று. முன்னால் வந்து மோதும், இரண்டு. மறுபடி பின்னால் மோதும், மூன்று. அதற்குப் பிறகு உன்னை நோக்கி வரும்போது தட்ட வேண்டும். மூன்று சத்தம் கேட்டபிறகு அடி. வித்தை இவ்வளவுதான். இந்த மூன்று சத்தம் வரைக்கும் பொறுக்க முடியாமல்தான் பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு மாதமாக மூக்கைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள்.

மற்றதையும் சொல்கிறேன், கேட்டுக்கொள். பையின் பருத்த இடம் உன் வாய்க்கு நேராக இருக்க வேண்டும். அவர்கள் வினோத்தின் உயரத்துக்கு மாட்டியிருந்ததால், க்ரீச்சில் குழந்தைகள் உட்கார்ந்த குட்டை பெஞ்சை இழுத்துப்போட்டு அதன்மேல் ஏறி நின்றேன். கல் மாதிரி காற்றடைக்காதே, ஆரம்பத்தில் கொஞ்சம் தளர்வாக இருந்தால்தான் பை மெதுவாக வரும், நீ கற்றுக்கொள்வாய். விரல் முட்டியால் குத்தாதே. கதவைத் தட்டுவது போலக் கையை மடக்கி, சுண்டுவிரல் பக்கத்தால் தட்டு. தட்டியபின் கையை மார்புக்கு இழுத்துக்கொள்ளாமல் பைக்குப் பக்கத்திலேயே சின்ன வட்டமாகச் சுற்றிக்கொண்டு வா. முழங்கை மேலேயே இருக்கட்டும். ஒரு வாரம் வலது கை மட்டும், அடுத்த வாரம் இடது கை மட்டும். பிறகு இதில் இரண்டு, அதில் இரண்டு. பிறகுதான் மாற்றி மாற்றி. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம் அடி, ஒரு நிமிடம் நில். தோள் எரியும். எரியட்டும், அதற்காகத்தான் அங்கே நிற்கிறாய். தப்பினால் வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்காதே. பையைப் பிடித்து நிறுத்தி, ஒன்றிலிருந்து தொடங்கு. வேகம் தானாக வரும். வேகத்தைத் துரத்திக்கொண்டு போனவர்களின் வீடியோவை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் எவ்வளவு சரியாகத் தட்டினாலும் ஏழெட்டுத் தட்டுக்குப் பிறகு பை செத்துவிடும். மூன்றாவது சத்தம் வராது. என் கைதான் சரியில்லை என்று ஒரு மாதம் அழுதேன். ஒரு காலை அப்பா ஷிப்ட் முடிந்து வரும் வழியில் கதவைத் தள்ளினார். அவர் ஃபாக்டரியில் ஃபிட்டர். நான் பெஞ்சிலிருந்து குதித்துத் துடைப்பத்தைத் தேடினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, பலகையைப் பார்த்தார். கையை வைத்து அழுத்தினார். "பிளைவுட்டு உதறுதும்மா. அடிக்கிற அடியெல்லாம் பலகையே தின்னுருது. அப்புறம் பை எப்படித் திரும்பி வரும்?" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கழித்துப்போட்ட மேஜையின் தடித்த பலகை ஒன்றைத் தோளில் சுமந்துவந்து, உத்திரத்தோடு நாலு போல்ட் போட்டு இறுக்கினார். மட்டம் பார்த்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தை வந்து, "என்னடா தம்பி செய்யுத?" என்று கேட்டதற்கு, "வினோத்து கேட்டான்க்கா" என்றார்.

பார், இதுதான் உன் தாத்தா. பேச வேண்டிய இடத்திலெல்லாம் ஸ்பானரை எடுக்கிற மனிதர். மகளுக்குப் பலகை மாட்டுவார், அதை மகளுக்காக மாட்டினேன் என்று சொந்த அக்காவிடம் சொல்ல வாய் வராது. அம்மா அவருக்கு ஏற்ற ஜோடி. தாளைக் காட்டியபோது, "எனக்கு ஒண்ணுமில்லட்டி, அப்பா சொன்னாச் சரி" என்றாள். அப்பாவிடம் போனால், "அம்மா என்ன சொல்லுதா?" என்கிறார். இருவருக்கும் நடுவில் அந்தத் தாள் பத்து நாளாகப் போய்வந்துகொண்டிருக்கிறது, ஒரு துளி மையும் அதன்மேல் விழவில்லை.

அவர்களை மட்டும் இகழ்ந்துவிட்டு நிறுத்தினால் இந்தக் கடிதத்துக்கு மரியாதை இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான் செய்ததையும் எழுதுகிறேன். மழையில் மாட்டிக்கொண்ட நாலு சுற்றுலாக்காரர்களை வினோத் கிளப்புக்குள் கூட்டிவந்தான். கோவையிலிருந்து வந்தவர்கள். அவர்கள் முன்னால் பையை நாலு அறை அறைந்தான், ஐந்தாவதில் பை திரும்பி வந்து அவன் காதில் அறைந்தது. "குளிர்ல பை இறுகிப்போச்சுங்க" என்று அவர்கள் பாஷையில் இளித்தான். பிறகு மூலையில் கூட்டிக்கொண்டிருந்த என்னைக் காட்டி, "எங்க மாமா பொண்ணு. நம்மதான் கட்டப்போறோம். இதுவும் பாக்சிங்தான். ஏ புள்ள, ரெண்டு அடிச்சுக் காட்டு" என்றான்.

நான் பெஞ்சை இழுத்துப்போட்டு ஏறினேன். முதல் தட்டு, மூன்று சத்தம். இரண்டாவது தட்டு, மூன்று சத்தம். புதுப் பலகையில் அது எவ்வளவு சுத்தமாகக் கேட்டது தெரியுமா? வெளியூர்க்காரர்களில் ஒருத்தி ஃபோனிலிருந்து தலையைத் தூக்கினாள். அப்போது ஓரக்கண்ணால் வினோத்தின் முகத்தைப் பார்த்துவிட்டேன். சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியிருந்தது. மூன்றாவது தட்டை வேண்டுமென்றே ஒரு சத்தம் முந்தி அடித்தேன். பை கோணலாகத் திரும்பி என் தோளில் விழுந்தது. அவன் முகம் பழையபடி ஆனது. "வேகம் இருக்கு, தாளம் இல்ல. பொம்பளப் பிள்ளைல்லா" என்றான். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே குமட்டுகிறது. கதவருகில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் குழாயடியில் அப்பா சோப்புத்தூள் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் தாளோடு போய் நின்றேன். அவர் தாளைப் பார்க்கவில்லை.

"மூணாவது அடிய வேணும்னுதான முந்தி அடிச்ச?"

"யாருப்பா சொன்னா?"

"சத்தந்தான் சொல்லிச்சு. மிசினு தானாக் கெட்டா ஒரு சத்தம், ஆளு கைவச்சுக் கெடுத்தா ஒரு சத்தம். எதுக்கு அப்படிச் செஞ்ச?"

"அத்தானுக்குக் கோவம் வரும்னுதாம்ப்பா."

அவர் குழாயை மூடினார். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "அப்ப என்னைய மட்டும் என்னத்துக்கு மொறைக்க? அக்காவுக்குக் கோவம் வரும்னுதான் நானும் இந்தப் பேப்பரத் தொடல" என்றார்.

மகனே, பள்ளியில் கையுறை போட்டுப் பல பேரிடம் அடி வாங்கியிருக்கிறேன். அந்த மாதிரி ஒன்றை வாங்கியதில்லை. நாலு நாளாக அப்பாவைக் கோழை என்று மனதுக்குள் திட்டப்பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் பை திரும்பி வந்து என் தோளில் விழுகிறது. அவர் கோழைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பட்டத்தைக் கொடுக்கிற தகுதி எனக்கு இல்லை. இப்போது ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். ஆறு மணிச் சங்குக்குப் பிறகு கிளப்புக்குப் போய் மூன்று நிமிடம் அடிப்பேன். கதவைச் சாத்த மாட்டேன். முந்தி அடிக்க மாட்டேன். மழை பெய்கிறது, ட்ரிப் இருக்காது, வினோத் வீட்டில் இருப்பான். ஆறு வீட்டுக்கும் கேட்கும். அம்மா புரள்கிறாள். டார்ச்சை அணைக்கிறேன்.

மீதியைப் பள்ளி பஸ்ஸில் எழுதுகிறேன். இப்போது எழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம் ரோடு.

காலையில் சங்கு ஊதியதும் கிளப்பின் ஜன்னல் திட்டில் தாளை வைத்து, பேனாவை அதன்மேல் வைத்து, பறக்காமல் ஒரு கல்லும் வைத்தேன். பெஞ்சில் ஏறினேன். முதல் நிமிடம் மெதுவாக, இதில் இரண்டு, அதில் இரண்டு. இரண்டாவது நிமிடம் மாற்றி மாற்றி. சத்தம் தகரத்தில் ஏறி வரிசை முழுவதும் ஓடியது. கதவுகள் திறக்கும் சத்தமும் கேட்டது, நான் திரும்பவில்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அத்தை வந்தாள்.

"ஏட்டி, கோட்டி புடிச்சிருச்சா ஒனக்கு? விடியுமுன்ன என்ன கொட்டு இது?"

நான் நிறுத்தவில்லை. கடிகாரத்தில் இன்னும் நாற்பது நொடி இருந்தது. அவளுக்குப் பின்னால் போர்வையைச் சுற்றிக்கொண்டு வினோத் வந்தான். வாயைத் திறந்தபடி பையைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், மேலே பார்த்தான். மூன்று நிமிடம் முடிந்து நான் பையைப் பிடித்து நிறுத்தியதும், "பலகை நல்ல பலகைம்மா, அதான் வருது" என்று தன் தாயிடம் சொன்னான். வாழ்க்கையில் முதல் முறையாக அவனுக்கு ஏதோ ஒன்று சரியாக இருந்தது, அதுவும் பலகை.

அப்பா நனைந்துகொண்டு வந்தார். உள்ளே வந்ததும் அண்ணாந்து போல்ட்டைத்தான் பார்த்தார். பிறகு ஜன்னல் திட்டுக்குப் போய்க் கல்லை எடுத்தார், பேனாவை எடுத்தார்.

"தம்பி, அதுல நீ கையெழுத்துப் போட்டா ஞாயித்துக்கெழம நான் பூவோட வரமாட்டேன். நல்லா யோசிச்சுக்கோ" என்றாள் அத்தை.

பேனா நின்றுவிட்டது. அப்பா அத்தையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அந்த நேரத்திலும் அவருக்கு வாய் வரவில்லை. நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார். நான் பெஞ்சிலிருந்து இறங்கினேன். நல்ல கம்பீரமான குரலில் சொன்னேன் என்று உனக்கு எழுத ஆசைதான். உண்மையில் எலி மாதிரிதான் குரல் வந்தது.

"வர வேண்டாம் அத்தை."

தகரத்து மழைக்கு நடுவிலும் அப்பா எழுதும் சத்தம் கேட்டது. அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் கிரீஸ் கறையாக ஒரு கட்டைவிரல் பதிந்திருக்கிறது. டீச்சர் திட்டுவார்கள். அத்தை, "ஒன் மவ வாயி இப்பத்தான தெரியுது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பினாள். வாசலில் நின்ற அம்மா, "நனையாதீங்க மைனி, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள். என் அம்மாவை உலகமே இடிந்தாலும் மாற்ற முடியாது.

நாளை நான் முதல் சுற்றிலேயே தோற்கலாம். அத்தை கோபம் ஆறி ஞாயிற்றுக்கிழமை பூவோடு வந்து நிற்கவும் கூடும், அவளுக்கு வெட்கம் குறைவு. அப்போது மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். பயம் போகவில்லை, புத்தகப் பையில் தாளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உனக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். நீ ஆண் என்பதாலேயே உன் முன்னால் பல பெண்கள் வேண்டுமென்றே தப்பாக அடிப்பார்கள். சிரித்துவிடாதே. முதலில் சத்தத்தைக் கேள். தானாகத் தவறியதா, உன் முகத்தைப் பார்த்துத் தவறவிட்டாளா என்று காது சொல்லிவிடும். உன் முகத்தைப் பார்த்துத்தான் என்றால், போய் முகத்தை மாற்றிக்கொண்டு வா.

அப்படித் தவறவிடுகிறவள் ஒருநாள் நானாகவே இருந்தால், இந்த ரெக்கார்டை எடுத்துவந்து என் முன்னால் விரித்து வை. கடைசிப் பக்கங்கள். எனக்குக் கோபம் வரும். வரட்டும்.

இன்னும் உன் அம்மா ஆகாதவள்